மதுரை வெயிலில் இத்தனை நூல் எதற்கு?

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஓராண்டுக்கு முன் காணொளி பார்த்துக் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டேன். பின்னியது கொஞ்சம், வாங்கிச் சேர்த்தது அதிகம். இப்போது அலமாரியில் மூன்று கிலோ உல்லன் நூல் இருக்கிறது. மதுரை வெயிலில் இத்தனை நூல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இது வீண் பழக்கமா? பருத்தியில் பின்னலாமா? இங்கே எதை, எப்படி வாங்குவது?"

வீண் பழக்கம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனாலும் உங்கள் வீட்டார் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி காயும் ஊரில் மூன்று கிலோ உல்லன் அலமாரியில் இருந்தால், பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். நீங்கள் சேர்க்கத் தொடங்கியது சரி. குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, குளிர்நாட்டுக்காரர்கள் சேர்ப்பதையே சேர்த்ததுதான் பிசகு. மதுரையில் இருந்துகொண்டு நூல் சேர்ப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது பருத்தியில்.

தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஊசி பிடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. என் வீட்டில் இரண்டு மரப்பெட்டிகள் நிறைய நூல் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதில் என்ன இன்பம் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கணக்குப் பாடம் போல் ஆகிவிடும். துணியை வெட்டினால் வெட்டியதுதான். மண்ணைச் சுட்டால் சுட்டதுதான். பின்னல் மட்டும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மறுபடி நூலாகி உங்கள் மடியில் வந்து விழும். நான் சிறுமியாக இருந்தபோது பெரியப்பா கொடைக்கானலில் வேலை பார்த்தார். அவருடைய பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை முழங்கையில் கிழிந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கழுத்துப் பக்கத்திலிருந்து பிரித்தார். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, பிரிந்து வந்த நூலை அவற்றின் முதுகில் சுற்றினார். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு சின்னத் தம்ளரைக் கட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் சுருள்சுருளாக இருந்த நூல் நேராகியிருந்தது. அந்த நூலில் மூன்று தொப்பிகள் வந்தன. பெரியப்பாவின் சட்டை எங்கள் மூன்று பேர் தலையில் ஏறியது. அன்று எனக்குப் பிடித்த ஆசை இன்றுவரை விடவில்லை. தவறாகப் பின்னியதை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற தைரியத்தை வேறு எந்தக் கைத்தொழிலும் எனக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுத்ததில்லை.

சேர்ப்பதில் இருக்கும் இன்பம் இதற்கு அடுத்தது. நூல் விரல்வழியாகத்தான் புரியும். ஒரே வெள்ளை, ஒரே பருமன் கொண்ட இரண்டு கண்டுகளை ஒருவர் கையில் கொடுத்து, எது இறுக முறுக்கியது, எது தளர முறுக்கியது என்று கண்ணை மூடிச் சொல்லச் சொல்லுங்கள். பத்து வகை நூலைத் தொட்டுப் பழகியவர் உடனே சொல்லிவிடுவார். ஒரே வகையை நூறு கண்டு வாங்கியவருக்கு அது வராது. அதனால் அளவைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், வகையைப் பார்த்துச் சேருங்கள். என் பெட்டியில் பல நூல்கள் ஐம்பது கிராமுக்கு மேல் இல்லை.

இந்த ஊரில் வகைக்கா பஞ்சம்? சௌராஷ்டிர மக்களைப் பட்டுநூல்காரர் என்றே மதுரை அழைத்திருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நெசவும் சாயமும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை வந்தது. 1974இல் அதுதான் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறியது. திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டி அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. நாம் எம்பிராய்டரிக்கு வாங்கும் ஆங்கர் நூல் அந்தக் கோட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கருமுத்து தியாகராஜர் மீனாட்சி மில்லைத் தொடங்கியது 1921இல். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதிதான் காந்தி மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஆலை நூலுக்கும் கைராட்டை நூலுக்கும் ஒரே ஆண்டில் ஒரே ஊர் இப்படிச் சாட்சியாக நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்க இலட்சக்கணக்கானோர் விடிய விடிய வைகைக் கரையில் நிற்கிறோம். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு விளைச்சல் செழிக்கும் என்று மகிழ்கிறோம். ஒரு துணியின் நிறத்துக்காக இப்படிக் காத்திருக்கும் ஊரில் பிறந்தவர், பச்சையில் ஏழு பச்சை வாங்கி வைப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி பருத்திக்கு வருகிறேன். தாராளமாகப் பின்னலாம். குரோஷாவுக்குப் பருத்தி மிகப் பொருத்தம். பின்னிய ஒவ்வொரு கண்ணும் தெளிவாகத் தெரியும். வியர்வையை உறிஞ்சும். நனைந்தால் வலு கூடும். வெந்நீரில் துவைக்கலாம், இஸ்திரி போடலாம். ஒரு குறை உண்டு. கம்பளி போல் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் குணம் இதற்கு இல்லை. நூல் விட்டுக்கொடுக்காததால் உங்கள் மணிக்கட்டு விட்டுக்கொடுக்க வேண்டிவரும். உல்லனில் பழகிய கையோடு பருத்திக்கு மாறுகிறவர்கள் முதல் வாரம் வலிக்கிறது என்பார்கள். கொஞ்சம் தளர்த்திப் பின்னுங்கள், ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை விரலை விரித்து மடக்குங்கள். சரியாகிவிடும்.

கடையில் பளபளப்பாக இருக்கும் பருத்தி நூலை மெர்சரைஸ்டு என்பார்கள். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844 வாக்கில், காரச்சோடாக் கரைசலில் பருத்தியை நனைத்தால் அது பருத்து வலுவடைவதையும் சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கண்டார். அப்படி நனைக்கும்போது சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டுப்போல் மினுமினுக்கும் என்பதை 1890 வாக்கில் ஹொரஸ் லோ கண்டுபிடித்தார். பூவேலை, ஓரச் சரிகை, விரிப்பு இவற்றுக்கு அந்த மினுமினுப்பு அழகு. குழந்தைச் சட்டை, துண்டு, கைப்பிடித் துணி இவற்றுக்குப் பளபளப்பில்லாத சாதாரணப் பருத்திதான் நல்லது, ஈரத்தை நன்றாக வாங்கும்.

நெசவுக்காரர்களின் நூலை நாம் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதற்கு நம்பர் தெரிந்திருக்க வேண்டும். இருபதாம் நம்பர், நாற்பதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்பார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் (வளையமாகச் சுற்றிய நூல்) எத்தனை அடங்குமோ, அதுதான் நம்பர். 840 கஜம் என்பது 768 மீட்டர். எண் கூடக்கூட நூல் மெலியும். 2/20 என்று எழுதியிருந்தால் இருபதாம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, அதாவது பருமனில் பத்தாம் நம்பருக்குச் சமம். 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,690 மீட்டர் வரும். இதைத் தனியாகப் பின்னினால் ஒரு விரிப்புக்கு ஓராண்டு ஆகும். நான்கு நூலைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்கு 420 மீட்டர், 2.5 மில்லிமீட்டர் ஊசிக்கு அருமையாக இருக்கும். எட்டு நூலைச் சேர்த்தால் 210 மீட்டர், 4 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரி. காணொளிகளில் பார்க்கும் நடுத்தரப் பருமன் கிட்டத்தட்ட அதுதான்.

இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் ஒரு பெரிய வாசல் திறக்கும். எட்டு நூலில் ஆறு வெள்ளை, இரண்டு நீலம் என்று சேர்க்கலாம். அடுத்த சாணில் ஐந்து வெள்ளை, மூன்று நீலம். இப்படியே கொண்டுபோனால் வெள்ளை நீலமாக மாறுவதே தெரியாது. பெரிய விலை கொடுத்து வாங்கும் நிறம் மாறும் நூலை வீட்டுத் திண்ணையில் நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். நான் இதுவரை பின்னியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தோள் சால்வை அப்படி வந்ததுதான். தறிக்காரர் ஒருவர் வீட்டில் பாவு (தறியின் நீளவாக்கு நூல்) ஓட்டி மீந்த நூல் கூம்புகளை எடைக்கு வாங்கி வந்தேன். கத்தரிப்பூ நிறத்திலிருந்து சாம்பலுக்கு இறங்கும்.

செல்லூர்ப் பக்கம் ஒரு காலத்தில் தெருவெங்கும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது குறைந்துவிட்டது, நின்றுவிடவில்லை. நிலையூருக்கு அருகில் கைத்தறி நகர் இருக்கிறது. சின்னாளபட்டி ஒரு பஸ் தூரம். தறிக்காரர் வீட்டுக்குப் போனால் முதலில் அவர் நெய்வதைப் பாருங்கள், கேளுங்கள், பிறகு மீந்த நூல் உண்டா என்று விசாரியுங்கள். அவர்களுக்கு ஐம்பது கிராம் நூலால் ஒரு பயனும் இல்லை. நமக்கு அது ஒரு தொப்பி. பேரம் பேசாதீர்கள், இது என் உறுதியான கருத்து. பாவு முடியும்போது தறியில் நெய்ய முடியாமல் நிற்கும் முழ நீளத் துண்டு நூல்களையும் கேட்டு வாங்கலாம், குஞ்சம் கட்ட அதைவிட நல்லது கிடையாது.

சுங்குடிக்காரர்களிடமும் ஒரு செல்வம் உண்டு. வெள்ளைத் துணியை நகக்கண்ணால் கிள்ளி எடுத்து நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால் முடிச்சுகள் பட்பட்டென்று தெறித்து அவிழும், கட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. அவிழ்ந்து விழும் கட்டு நூலை யாரும் கவனிப்பதில்லை. என் பக்கத்து வீட்டுச் சௌராஷ்டிரப் பாட்டியிடம் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருக்கிறேன். வெளிச்சுற்றில் இருந்த பகுதி அரக்குச் சிவப்பு, உள்ளே ஒளிந்திருந்த பகுதி வெள்ளை, இடையில் ரோஜா. விரல் நீளத் துணுக்குகள்தான், எதையும் பின்ன முடியாது. ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். இதைப் பயன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டால், காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன், எனக்கு அது போதும்.

சாயம் என்றதும் ஒரு நட்டக் கதையையும் சொல்ல வேண்டும். தம்பியின் பேத்திக்கு வெள்ளைப் பருத்தியில் ஒரு போர்வை பின்னினேன். ஓரத்துக்கு அரக்கு. அந்த அரக்கு நூலைச் சீட்டு எதுவும் ஒட்டாமல் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். நிறம் அவ்வளவு ஆழமாக இருந்ததால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மாத வேலை. முதல் துவைப்பில் வெள்ளையெல்லாம் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பாகிவிட்டது. வாளியருகில் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து, அடர்நிற நூல் எந்தக் கடையிலிருந்து வந்தாலும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்து பார்க்காமல் பெட்டிக்குள் விடுவதில்லை. துணியில் நிறம் இறங்கினால் நூலைச் சிட்டமாகச் சுற்றி, சோப்பு நீரில் தண்ணீர் தெளியும்வரை அலசுவேன். தெளியவே இல்லை என்றால் அதை வெள்ளையோடு சேர்க்காமல் அடர்நிறங்களோடு மட்டும் பயன்படுத்துவேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்துக் கடைக்கு வந்த நூலில், பிடிக்காமல் நிற்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. அதை அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி.

சீட்டு இல்லாத நூல் என்ன இழை என்று தெரிய நெருப்புச் சோதனை செய்யலாம். விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரியும், காகிதம் எரியும் வாசனை வரும், மென்மையான சாம்பல் மிஞ்சும். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து அணையும், மயிர் பொசுங்கும் நாற்றம், விரலால் நசுக்கினால் தூளாகும் கரி. அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியபின் கறுப்பாக, நசுங்காத மணியாக நிற்கும். உங்கள் மூன்று கிலோவில் ஒவ்வொரு வகைக்கும் இதைச் செய்து பாருங்கள். கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். அக்ரிலிக் வெப்பத்தில் உருகும் என்பதால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி எதையும் அதில் பின்னவே கூடாது. அழகாக இருக்கிறதென்று பின்னிச் சமையலறையில் தொங்கவிடுகிறார்கள். ஒருநாள் வாணலியின் காது பட்டால் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

வாங்கும் இடம் கேட்டீர்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில், தையல் பொருள்கள் விற்கும் கடைகளில் குரோஷா நூல், எம்பிராய்டரி நூல், உல்லன் எல்லாம் கிடைக்கும். புதுமண்டபத்துக்குள் தையல்காரர்களும் கடைகளும் நிறைந்திருந்த காலத்தில் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் நூல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கல்தூண் ஓரம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தன. திருப்பூரில் பனியன் துணியின் ஓரக் கழிவுகளைச் சுருளாகச் சுற்றித் தடித்த நூலாக விற்கிறார்கள். மிதியடி, கூடை பின்ன அது நல்லது, ஒரே நாளில் வேலை முடியும். எங்கே வாங்கினாலும் ஒரு பொருளுக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில், ஒரே சாயத் தொட்டி எண்ணில் வாங்குங்கள். சீட்டில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் அதுவும் அச்சிட்டிருக்கும். அடுத்த தொட்டியில் வந்த அதே நிறம் கடை விளக்கில் ஒன்றுபோல் தெரியும், வீட்டு முற்றத்தில் பட்டை விழுந்ததுபோல் காட்டிக்கொடுத்துவிடும்.

சிட்ட நூல் வாங்கினால் பின்னும்முன் உருண்டையாகச் சுற்ற வேண்டும். இதற்குக் கருவிகள் உண்டு. நான் இன்னும் ஆள் வைத்துத்தான் சுற்றுகிறேன். எதிரே ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டி உட்கார வேண்டும், சிட்டம் அவர் கைகளில் மாட்டியிருக்கும், நூல் ஓடும் பக்கம் அவர் கையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். அரைமணி நேரம் அவர் எழ முடியாது, கைபேசியைத் தொட முடியாது. எங்கள் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய பல பேச்சுகள் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. என் மாமியார் கடைசி இரண்டு ஆண்டுகள் கண் மங்கிப் பின்ன முடியாமல் இருந்தபோது, சிட்டம் பிடிக்க என்னைக் கூப்பிடு என்பார். அவர் கைகள் நூல் போகும் திசையைக் கண் இல்லாமலே அறியும். கேலி செய்யும் உங்கள் வீட்டாரில் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குப் பிறகு இப்படி உட்காரவைத்துப் பாருங்கள்.

பின்னுவதைப் பொறுத்தவரை மதுரைப் பெண்களுக்கு ஒரு முன்பயிற்சி இருக்கிறது. பூக்கட்டத் தெரிந்த கைக்குக் குரோஷா பாதி தெரிந்ததுதான். தெருமுனையில் மல்லிகைப் பூ கட்டுபவரை நின்று கவனியுங்கள். நூலை விரலிடுக்கில் ஓடவிட்டு, எவ்வளவு இறுக்கினால் காம்பு நிற்கும், எவ்வளவு இறுக்கினால் அறுந்துவிடும் என்பதைப் பார்க்காமலே தீர்மானிக்கும் விரல்கள் அவை. குரோஷாவில் புதியவர்கள் தடுமாறுவது இந்த இறுக்கத்தில்தான். நான் பாடம் நடத்தும்போது ஊசியைக் கையில் கொடுக்கும்முன் கால் முழம் பூ கட்டச் சொல்வேன். நன்றாகக் கட்டியவள் அன்று மாலையே சங்கிலி போட்டுவிடுவாள். அதேபோல் வயர்கூடை போட்டவர்களுக்கும், நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு தெரிந்தவர்களுக்கும், மாதிரியை மனத்தில் எண்ணிக்கொண்டே போகும் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துச் சொற்களில் இருக்கும், காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சொற்களில் இருக்கும். அமெரிக்கர் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் இங்கிலாந்தார் டபுள் குரோஷா என்கிறார்கள். தெரியாமல் பின்னினால் தொப்பி பூசணிக்காய் அளவுக்கு வந்து நிற்கும். மாதிரியைத் தொடங்கும்முன் எந்த நாட்டுச் சொல் என்று பார்த்துவிடுங்கள்.

எதைப் பின்னுவது? 40 கிராம் பருத்தியில் பச்சைக்குழந்தைக்கு ஒரு தொப்பி. 150 கிராமில் காய்கறி வாங்கும் வலைப்பை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், நான்கு கிலோ தாங்கும். ஜன்னல் திரைக்கு ஓரம், மாடத்து விளக்குக்கு அடியில் விரிப்பு, தண்ணீர்ப் பாட்டிலுக்கு உறை. பாத்திரம் துலக்கும் சதுரத் துணியில் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. இருபது வரிசையில் முடியும், பிழை இருந்தாலும் பாத்திரம் துலங்கும், ஒவ்வொரு துணியிலும் ஒரு புதுக் கண்வகை பழகலாம். மிஞ்சும் சாயமில்லாத பருத்தித் துணுக்குகளை நான் தூக்கிப்போடுவதில்லை, முறுக்கி விளக்குத் திரி ஆக்கிவிடுவேன்.

பாதுகாப்பு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெயில் படாத இடம் வேண்டும், ஜன்னலோரக் கண்ணாடி அலமாரி ஆறே மாதத்தில் நிறத்தைத் தின்றுவிடும். அந்துப்பூச்சி உண்மையான கம்பளியைத்தான் தேடும். பருத்தியைக் கெடுப்பது ராமபாணப் பூச்சி, அதுவும் கஞ்சி ஏறிய நூலைத்தான் அதிகம் விரும்பும். ஆகவே நெசவு நூலைக் கஞ்சி போக அலசிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப்பையில் கட்டி நூலில் படாமல் மூலையில் வைப்பது என் வழக்கம். எல்லாவற்றையும்விட முக்கியம் சீட்டு. வாங்கிய நாள், இடம், எடை, இழை, ஊசி அளவு, சாயத் தொட்டி எண் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். என் பழைய அட்டை ஒன்றில் "சுமதி கல்யாணத்துக்கு மறுநாள், மழை" என்றுகூட இருக்கிறது.

எவ்வளவு சேர்த்தால் அதிகம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு: பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் எடுத்தால், அது எங்கே வந்தது, எதற்காக வாங்கினேன் என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத நூல் அதிகம். தள்ளுபடி என்பதற்காக வாங்கியது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதை வைத்துக்கொண்டு மனம் குன்றுவதைவிட, பின்னத் தொடங்கும் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்துவிடுவது மேல்.

உங்கள் மூன்று கிலோவை விற்க வேண்டாம். அடர்ந்த நிறங்களை எடுத்து வாசல் தோரணமும், நவராத்திரிக் கொலுவில் விளாச்சேரி மண்பொம்மைகளுக்கு நடுவே வைக்கப் பூந்தோட்டமும் பின்னுங்கள். அக்ரிலிக் நிறம் எளிதில் மங்காது, ஆண்டுதோறும் எடுத்து வைக்கலாம். மென்மையானவற்றைக் கழுத்துத் துண்டாகப் பின்னுங்கள். கார்த்திகை, மார்கழியில் விடியலில் குளித்து மாலை போட்டிருப்பவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள், கோலம் போட எழுகிறவர்களும் இருப்பார்கள். கொடைக்கானல் போகிற உறவினருக்குத் தொப்பிகள். ஒரு தொப்பிக்கு 70, 80 கிராம் போகும். இப்படிக் கணக்கிட்டால் இரண்டு கிலோ தீர்ந்துவிடும். மீதி ஒரு கிலோ உங்கள் கை பழகுவதற்கு இருக்கட்டும்.

அடுத்த முறை நகருக்கு வரும்போது உல்லன் கடைப் பக்கம் போகாமல், 2/20 வெள்ளைச் சிட்டம் ஒன்றும், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு நிறமும் வாங்கி வாருங்கள். இரண்டையும் ஒரு முழம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.